ஒரே அச்சு, மூன்று பாய்

எங்கள் திருவண்ணாமலையில் கடல் கிடையாது. மலையைச் சுற்றி வர 14 கிலோமீட்டர் நடந்தால் போதும். அலையைப் பார்க்க வேண்டுமென்றால் பாண்டிச்சேரிவரை நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகன் பாய்மரப் படகைப் பற்றிச் சந்தேகம் கேட்டான். அவன் ஒரு விளையாட்டுப் பைத்தியம். பத்திரிகையில் வரும் ஒலிம்பிக் செய்திகளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைப்பான்.

நோட்டில் மூன்று பக்கங்களைப் புரட்டிக் காட்டினான். முதல் பக்கம் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக். பக்கத்து வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் ‘லேசர்’ படகில் போட்டியிட்டார், சென்னையின் நேத்ரா குமணன் ‘லேசர் ரேடியல்’ படகில் போட்டியிட்டார் என்று செய்தி. இரண்டாம் பக்கம் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு. அதே விஷ்ணு ‘ஐ.எல்.சி.ஏ. 7’ பிரிவில் வெண்கலம். மத்தியப் பிரதேசத்தின் நேஹா தாக்கூர் ‘ஐ.எல்.சி.ஏ. 4’ பிரிவில் வெள்ளி. மூன்றாம் பக்கம் 2024 பாரிஸ் ஒலிம்பிக். படகுப் போட்டி மட்டும் மார்செய் துறைமுகத்தில். விஷ்ணு மறுபடி ஐ.எல்.சி.ஏ. 7. நேத்ரா இந்தத் தடவை ‘ஐ.எல்.சி.ஏ. 6’.

“மாமா, மூணு பேரு. அஞ்சு படகு பேரு. படத்துல பாத்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. நெசமா எத்தனை படகு?”

ஒன்று என்றேன். நம்பவில்லை. மூன்று என்றும் சொல்லலாம் என்றேன். இன்னும் குழம்பிவிட்டான். இரண்டு விடையும் எப்படிச் சரியாகும் என்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கதை 1969இல் கனடாவில் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்குகிறது. இயன் புரூஸ் என்ற தொழில் வடிவமைப்பாளர் தன் நண்பர் புரூஸ் கெர்பியை அழைத்தார். முகாமுக்குப் போகிறவர்கள் காரின் கூரையில் கட்டி எடுத்துப்போகும் அளவுக்குச் சின்னதாக ஒரு படகு வேண்டும், வரைந்து தர முடியுமா என்று கேட்டார். கெர்பிக்குப் பிழைப்பு பத்திரிகை ஆசிரியர் வேலை. படகோட்டியாக ஒலிம்பிக் போனவர். படகு வடிவமைப்பு கைப்பழக்கத்தில் வந்தது. பேசிக்கொண்டே தாளில் கிறுக்கினார். இயன் புரூஸிடம் படகு கேட்டிருந்த நிறுவனம் பிறகு ஆர்வம் காட்டாததால் கிறுக்கல் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. அடுத்த ஆண்டு, ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையுள்ள படகுகளுக்கென்று அமெரிக்காவில் ஒரு போட்டி வைத்தார்கள். அதற்காகத் தாள் வெளியே வந்தது. ஹான்ஸ் ஃபோக் என்பவர் பாய் தைத்தார். 1971இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் விற்பனைக்கு வந்தது. இன்றுவரை இரண்டு லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டார்கள்.

பெயர் வைத்த கதையும் வேடிக்கை. லேசர் ஒளி 1960இல்தான் முதன்முதலாக எரிந்தது. பத்து வருடம் கழித்தும் அது புதுமையான சொல்தான். பெயர் தேடிக்கொண்டிருந்தவர்களிடம் மெக்கில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் “லேசர் என்று வையுங்களேன்” என்றாராம். வைத்துவிட்டார்கள். படகுக்கும் ஒளிக்கும் வேறு சம்பந்தம் எதுவும் இல்லை.

இனி ‘ஒன்று’ என்ற விடைக்கு வருவோம்.

நம் கடற்கரையில் ஆசாரி கட்டும் வள்ளத்துக்கு ‘மாடல்’ கிடையாது. மரத்தின் வளைவு, கட்டச் சொன்னவரின் தேவை, ஆசாரியின் கண் மூன்றும் சேர்ந்து ஒவ்வொன்றும் தனிப் பிறவி. சுவாமிமலையில் மெழுகு வார்ப்பில் செய்யும் சிலையும் அப்படித்தான். சிலையை வெளியே எடுக்க மண் அச்சை உடைத்தாக வேண்டும். அடுத்த சிலைக்கு அடுத்த அச்சு. லேசர் இதற்கு நேர் எதிர். அது இட்லித் தட்டு வம்சம். படகுடலின் வெளிப்புறத்தை அப்படியே குழிவாகப் பதித்த பெரிய அச்சு ஒன்று இருக்கிறது. அதன் உட்புறத்தில் முதலில் பளபளப்பான பூச்சு. அதன்மேல் பிசினில் நனைந்த கண்ணாடி இழைத் துணி அடுக்கு. பிசின் இறுகியதும் தூக்கினால் படகின் அடிப்பாகம் வந்துவிடும். மேல்தளத்துக்கு வேறொரு அச்சு. இரண்டையும் ஒட்டினால் 4.2 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 59 கிலோ எடையும் உள்ள உடல் தயார். அச்சு உடையாது. அடுத்த படகும் அதே. அதற்கடுத்ததும் அதே.

இந்த வகைப் படகுக்கு ‘ஒற்றை வடிவப் படகு’ என்று பெயர் சொல்லலாம். நோக்கம் எளிது: பந்தயத்தில் ஜெயிப்பது ஆளாக இருக்க வேண்டும், பணமாக இருக்கக் கூடாது. லேசர் சங்கத்தின் விதி இதில் ரொம்பக் கறார். வழக்கமாக விதிப் புத்தகம் எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும், சொல்லாததைச் செய்யலாம். இங்கே தலைகீழ். செய்யலாம் என்று எழுதியிருப்பதை மட்டும்தான் செய்யலாம். எழுதாத எதையும் தொடக் கூடாது, ஒரு துளை போடுவதானாலும்.

ஆக, விஷ்ணுவின் படகுடல், நேத்ராவின் படகுடல், நேஹாவின் படகுடல் மூன்றும் ஒரே வடிவம். கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்த்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. படகு ஒன்று என்று நான் சொன்னது இதனால்தான்.

அப்படியானால் மூன்று பிரிவு எதற்கு? பாய்க்காக.

பாயின் பரப்பைச் சதுர மீட்டரில் சொன்னால் 7.06, 5.76, 4.7. இந்த எண்களால் யாருக்கும் எதுவும் புரியாது. என் அலமாரியைத் திறந்து ஒரு கணக்குப் போட்டேன். எட்டு முழ வேட்டியை விரித்தால் கிட்டத்தட்ட 4.65 சதுர மீட்டர். நல்ல அகலமான துண்டு ஒன்று 1.1. எனவே நேஹா வெள்ளி வாங்கிய பாய் ஒரு எட்டு முழ வேட்டி. நேத்ராவின் பாய் வேட்டியோடு ஒரு துண்டு. விஷ்ணுவின் பாய் வேட்டியோடு இரண்டு துண்டு, அதற்கும் மேல் ஒரு கைக்குட்டை. அவ்வளவுதான். ஒரு கல்யாண வீட்டுக்குப் போகும் ஆளின் உடுப்பை வைத்துக்கொண்டுதான் ஒலிம்பிக் போகிறார்கள்.

ஒரு துண்டு கூடினால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கிணற்றங்கரையில் நீண்ட துலா மரம், நடுவில் அச்சு. ஒரு முனையில் தண்ணீர்ச் சால். துலாவின்மேல் ஒரு ஆள் முன்னும் பின்னும் நடப்பார். அச்சைவிட்டுத் தள்ளிப் போகப்போக அவருடைய அதே எடை அதிகக் கனத்தைத் தூக்கும். சால் பெரிதாக இருந்தால் ஒன்று ஆள் கனமானவராக இருக்க வேண்டும், அல்லது இன்னும் தள்ளிப் போக வேண்டும்.

இந்தப் படகும் ஒரு ஏற்றம்தான். அச்சு, படகின் நடுக்கோடு. தண்ணீர்ச் சாலுக்குப் பதில் காற்று: அது பாயை ஒரு பக்கம் சாய்க்கிறது. மறுபக்கம் ஓட்டுபவர், படகின் தரையில் உள்ள பட்டையில் காலை மாட்டிக்கொண்டு, உடம்பு முழுவதையும் தண்ணீருக்கு மேலே வெளியே தொங்க விடுகிறார். தொலைக்காட்சியில் பார்க்கும்போது படகோட்டிகள் ஏன் மல்லாந்து கிடக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் இது. அவர்கள் துலாவில் நடக்கிறார்கள். ஆனால் ஏற்றக்காரரைப் போல நினைத்த தூரம் போக முடியாது. படகின் அகலமும் தன் உயரமும் போட்ட எல்லை அது. எல்லைக்குப் போன பிறகு மிச்சம் இருப்பது உடல் எடை மட்டும்.

பாய் பெரிதாகும்போது சாய்க்கும் விசை இரண்டு வழியில் கூடுகிறது. பரப்பு கூடியதால் காற்றுக்குப் பிடி அதிகம். பாய் உயரமானதால் அதன் மையமும் மேலே ஏறி, நெம்பும் கையும் நீளம். இதோடு காற்றின் குணம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். ஒரு நொடியில் வந்து மோதும் காற்றின் அளவு இரண்டு மடங்கு. மோதும் வேகமும் இரண்டு மடங்கு. இரண்டும் பெருகி நான்கு. எனவே எண்பது கிலோ ஆள் சிரித்துக்கொண்டே சமாளிக்கும் காற்றில், ஐம்பது கிலோ சிறுமி அதே பாயோடு போனால் படகு கவிழும். அவளுக்குத் திறமை போதாது என்று அர்த்தமில்லை. துலாவில் எடை போதாது.

வேறு படகு வாங்காமல் பாயை மட்டும் மாற்றினால் என்ன? இதுதான் அந்த மூன்று பிரிவின் பிறப்பு. பெரிய பாய் ஆண்களுக்கு. 1996 அட்லாண்டாவிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. நடுத்தரப் பாய், ரேடியல், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலிருந்து பெண்களுக்கு. சின்னப் பாய் பள்ளி வயதினருக்கு. ஒரே வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஒரே படகை மாற்றி மாற்றி ஓட்டலாம்.

பாயை மாற்றினால் பாய்மரத்தையும் மாற்ற வேண்டும். லேசரின் பாய்மரம் இரண்டு குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்று செருகியது. பாயின் ஓரத்தில் தைத்த உறை, தலையணை உறையைப் போல, மேலிருந்து இந்தக் கம்பத்தில் மாட்டும். மேல்குழாய் மூன்று பிரிவுக்கும் பொது. கீழ்க்குழாய் மட்டும் மூன்று விதம்: நீளமானது, குட்டையானது, மேலும் குட்டையானது. மூன்றாவதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அது நேராக இருக்காது. தொழிற்சாலையிலேயே கொஞ்சம் பின்பக்கமாக வளைத்துத்தான் செய்கிறார்கள். பழைய படகை வாங்கிய ஒருவர் விபத்தில் வளைந்த கம்பம் என்று நினைத்து நிமிர்த்தப் பார்த்தால் நஷ்டம் அவருக்கு.

அந்த வளைவுக்குக் காரணம் கேட்டால் மாட்டுவண்டிக்காரர் சொல்லிவிடுவார். வண்டியில் மூட்டை முன்னால் தள்ளி ஏற்றினால் முன்பாரம், நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் தள்ளிப்போனால் பின்பாரம், நுகம் மேலே கிளம்பும். இருசுக்கு மேலே பாரம் சமமாக உட்கார வேண்டும். படகில் இருசின் வேலையைச் செய்வது நடுவில் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறக்கும் பலகை. குத்துப்பலகை என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் நழுவாமல் படகைப் பிடித்துக்கொள்வது அதுதான். காற்று பாயைத் தள்ளும் மையம் குத்துப்பலகைக்கு ஏறக்குறைய மேலே இருக்க வேண்டும். பாய் சிறுத்தால் அந்த மையம் கம்பத்தை நோக்கி முன்னே வந்துவிடும், முன்பாரம். படகின் மூக்கு காற்றுக்கு விலகித் திரும்பிக்கொண்டே இருக்கும். வண்டிக்காரராக இருந்தால் மூட்டையை நகர்த்துவார். இங்கே பலகையின் துளையும் கம்பத்தின் குழியும் அச்சில் வார்த்தவை, நகர்த்த முடியாது. எனவே கம்பத்தையே பின்னுக்கு வளைத்து மூட்டையை நகர்த்தினார்கள். உடலைத் தொடாமல் பிரச்சினையைத் தீர்த்த விதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வளைவுதான்.

பெயர்க் குழப்பம் 2019இல் வந்தது. படகைக் கட்டும் நிறுவனம் ஒன்றுக்கும், விதிகளைக் காக்கும் சங்கத்துக்கும் இடையே தொழிற்சாலை ஆய்வு தொடர்பாகப் பிணக்கு. ‘லேசர்’ என்ற வணிகப் பெயரின் உரிமை சங்கத்திடம் இல்லை. படகின் பெயரையே மாற்றிவிட்டார்கள். லேசர் ஸ்டாண்டர்ட், ஐ.எல்.சி.ஏ. 7 ஆனது. ரேடியல், 6 ஆனது. 4.7 என்று அழைக்கப்பட்டது, 4 ஆனது. எண் பாயின் பரப்பைக் குறிக்கிறது. 7.06ஐ 7 என்பது சரி. 5.76ஐ 6 ஆக்கியது முழுமையாக்கல், அதுவும் சரி. 4.7 மட்டும் எப்படி 4 ஆனது? கணக்கு வாத்தியார் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை போலிருக்கிறது. இன்னொரு கூத்து: ஐ.எல்.சி.ஏ. என்பது சர்வதேச லேசர் வகுப்புச் சங்கம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். லேசர் என்ற பெயரை விட்டுவிட்டு வந்தவர்கள் அதன் முதலெழுத்தைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

விஷ்ணு டோக்கியோவில் பழைய பெயரில் ஓட்டியதும் மார்செய்யில் புதுப் பெயரில் ஓட்டியதும் ஒரே வகைப் படகு என்பது இப்போது தெளிவு. நோட்டில் இருந்த ஐந்து பெயர்கள் மூன்றாகக் குறைந்தன. அந்த மூன்றும் ஒரே உடலின் மூன்று உடுப்பு.

பையன் அடுத்த கேள்வியைக் கேட்டான். “சரி மாமா, பழைய படகு ஒண்ணு கெடைச்சா, அது எந்த வருசத்துதுன்னு எப்படி கண்டுபிடிப்பாங்க? எல்லாம்தான் ஒரே அச்சாச்சே?”

இது முதல் கேள்வியைவிட நல்ல கேள்வி. ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒரே வடிவில் வரும் பொருளுக்கு வயது பார்ப்பது எளிதல்ல. காரைப் போல முகப்பு விளக்கைப் பார்த்து ‘இது இந்த வருட மாடல்’ என்று சொல்ல முடியாது. ஒரு பழைய லேசர் நம் முன்னால் கிடக்கிறது என்று வைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்குவோம்.

முதலில் கண்ணில் படுவது பாயில் உள்ள பெரிய எண். எண் வரிசையாக ஏறிக்கொண்டே போவதால், எண் தெரிந்தால் காலம் தெரிந்துவிடும். ஆனால் பாய் துணி. கிழியும், வெளுக்கும், விற்கப்படும். 1975ஆம் வருடத்து உடலில் போன வருடத்துப் பாய் இருக்கலாம், அதில் வேறொரு படகின் எண்ணும் இருக்கலாம். சாட்சி நம்பத்தகாதவர்.

அடுத்து பாயின் தையல். இது சுவாரசியமான சாட்சி. நெய்த துணியை நூல் ஓடும் திசையில் இழுத்தால் அசையாது. மூலைவாட்டில் இழுத்தால் நீளும். வேட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தும், குறுக்கு மூலையைப் பிடித்து இழுத்தும் பாருங்கள், தெரியும். பாயில் இழுவிசை மூலைகளிலிருந்து விரிந்து பரவுகிறது. பழைய பெரிய பாயில் துணித் துண்டுகளைக் குறுக்குப் பட்டைகளாக வைத்துத் தைத்தார்கள். நடுத்தரப் பாயில் மூலையிலிருந்து விசிறி மடிப்பைப் போல விரியும்படி தைத்தார்கள். நூல் விசையின் போக்கிலேயே ஓடும், பாய் எளிதில் உருக்குலையாது. ஆரம் போல விரிவதால்தான் அதற்கு ‘ரேடியல்’ என்று பெயர். நெடுங்காலம் இது ஒரு நல்ல அடையாளம்: விசிறித் தையல் என்றால் ரேடியல், பட்டைத் தையல் என்றால் ஸ்டாண்டர்ட். 2016 வாக்கில் பெரிய பாய்க்கும் விசிறித் தையல் வந்துவிட்டது. அன்றோடு அந்த அடையாளம் செத்தது. இன்று பட்டைத் தையலுள்ள பெரிய பாயைப் பார்த்தால் பழைய வகை என்று சொல்லலாம். விசிறித் தையலைப் பார்த்து மட்டும் ரேடியல் என்று சொல்ல முடியாது.

கயிறும் கப்பியும் பார்ப்போம். தொடக்கத்தில் பாயை இறுக்கும் கயிறுகள் எளிமையானவை. இழுக்க முரட்டுக் கை வேண்டும். 2001இல் விதி தளர்ந்து, கப்பிகள் கூடுதலாகச் சேர்த்த புது அமைப்புக்கு அனுமதி கிடைத்தது. கைப்பலம் குறைந்தவர்களும் இறுக்க முடிந்தது. எனவே புதுக் கப்பி இருந்தால் 2001க்குப் பிந்திய படகா? இல்லை. பழைய படகுக்காரர்கள் அத்தனை பேரும் ஓடிப்போய் வாங்கி மாட்டினார்கள். கப்பி சொல்வது, இந்தப் படகு 2001க்குப் பிறகும் யாரோ அக்கறையாக ஓட்டிய படகு என்பதை மட்டும்தான்.

குத்துப்பலகையும் சுக்கானும்? ஆரம்பக் காலத்தில் மரம். பிறகு நுரைக் கருவின்மேல் கண்ணாடி இழை. மரப்பலகை கண்ணில் பட்டால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். புதுச் சாமான் பழைய படகில் ஏறுவது அன்றாடம். பழைய சாமான் புதுப் படகில் ஏறுவது அபூர்வம். ஆனால் அபூர்வம் என்பது இல்லவே இல்லை என்று ஆகாது. பலகை உடைந்த ஒருவர் பழைய கடையில் மலிவாக மரப்பலகை வாங்கி மாட்டியிருக்கலாம்.

இந்த இடத்தில் பையனை எழுப்பி மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் மாடியிலிருந்து கோபுரங்கள் தெரியும். கிழக்கே 217 அடி ராஜகோபுரம், கிருஷ்ணதேவராயர் தொடங்கி தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தது. உள்ளே ஹொய்சள அரசர் வல்லாளரின் பெயரில் ஒரு கோபுரம். வடக்கே ஒரு பெண் துறவி எழுப்பிய அம்மணியம்மன் கோபுரம். நூற்றாண்டுகள் வேறு வேறு. ஆனால் மாடியிலிருந்து பார்த்தால் எல்லாம் போன வாரம் வண்ணம் அடித்தது போல ஒரே வயது. 2017 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்ததே, அதன் வண்ணம். சுதை பொம்மைகளும் அவ்வப்போது புதுப்பிப்பவை. கல்வெட்டு ஆய்வாளர் வண்ணத்தைப் பார்ப்பாரா? குனிந்து கருங்கல் அடித்தளத்தைப் பார்ப்பார். அங்கே வெட்டிய எழுத்தின் வடிவமும், அரசன் பெயரும், ஆட்சியாண்டும்தான் அவருக்குச் சாட்சி. கழற்ற முடியாததை நம்பு, கழற்ற முடிந்ததைச் சந்தேகி. அந்தக் கல்லையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டார். பழைய கல்வெட்டுப் பலகையைப் பிற்காலச் சுவரில் தலைகீழாக வைத்துக் கட்டிய கோயில்கள் தமிழ்நாட்டில் நிறைய.

லேசரின் கருங்கல் எது? அச்சில் வார்த்த எண். பழைய படகுகளில், மூக்கின் நுனியில் கயிறு கட்டும் வளையம் இருக்கும். அதன் அடியில் தளத்தில் ஓர் எண் பதிந்திருக்கும். அல்லது படகின் பின்புறப் பலகையில் இருக்கும். அது பாய் எண்ணாகவோ தொழிற்சாலை எண்ணாகவோ இருக்கலாம். வளையத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும், சுரண்ட வேண்டியிருக்கும். ஆனால் கிடைத்துவிட்டால் அது உடலோடு பிறந்த மச்சம். பாய் எண் 1,48,200இலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படகுக்கும் ஓட்டுபவர் உட்காரும் குழியின் பின்சுவரில் ஒரு தகடு உண்டு. கட்டுபவர் அதைச் சங்கத்திடம் விலைக்கு வாங்கிப் பதிக்க வேண்டும். பாய் எண் அதிலேயே இருக்கும். தகட்டின் எண்ணும் பாயின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் பாய் இரவல் என்று முடிவு கட்டலாம். தகடே இல்லாவிட்டால் ஒன்று அந்த எண்ணுக்கு முந்திய பழைய படகு, அல்லது பந்தயத்தில் சேர்க்காத படகு. பாய் மேல் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பது இந்தக் கேள்விக்குப் பொருட்டே இல்லை.

இன்னொரு எண்ணும் உண்டு: உடல் அடையாள எண். அமெரிக்காவில் 1972 முதல் விற்பனைப் படகுகள் எல்லாவற்றுக்கும் கட்டாயம். பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த வரி. முதல் மூன்று, கட்டியவரின் குறி. அடுத்த ஐந்து, வரிசை எண். கடைசி நான்கில்தான் காலம் ஒளிந்திருக்கிறது. 1984இல் மாற்றிய முறைப்படி அதில் முதல் எழுத்து மாதம்: ஏ என்றால் ஜனவரி, பி பிப்ரவரி, இப்படி. அடுத்தது ஆண்டின் கடைசி இலக்கம். கடைசி இரண்டும் மாடல் ஆண்டு. ‘சி586’ என்று முடிந்தால் 1985 மார்ச்சில் கட்டி, 1986 மாடலாக விற்றது. நம் ஜாதகக் கட்டம் போல, படிக்கத் தெரிந்தவருக்கு ஒரே பார்வை போதும். வேறு நாட்டில் கட்டிய படகில் முன்னால் நாட்டுக் குறி இரண்டு எழுத்தும் சேர்ந்திருக்கும்.

வயது தெரிந்துவிட்டது, உடம்பு எப்படி என்பது தனி விஷயம். படகின் மேல்தளம், இரண்டு கண்ணாடி இழை அடுக்குக்கு நடுவே நுரை வைத்த பணியாரம். வருடக்கணக்கில் தண்ணீர் கசிந்தால் நுரை அதைக் குடிக்கும். தராசில் ஏற்றி 59 கிலோவைவிட எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள், கட்டைவிரலால் தளத்தை அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

மாடியிலிருந்து இறங்கி வந்ததும் பையன் பேனாவை எடுத்தான். மூன்று பக்கங்களிலும் பழைய பெயருக்குப் பக்கத்தில் புதுப் பெயரையும் எழுதி, அடியில் ‘வேட்டி’, ‘வேட்டி + துண்டு’, ‘வேட்டி + 2 துண்டு’ என்று போட்டான். பிறகு ஒரு படத்தைக் காட்டி, செய்தியில் பெயர் கிழிந்துபோயிருக்கிறது, இது எது என்று கேட்டான். படகுடலின் நீளம் எப்போதும் 4.2 மீட்டர் என்பதால், பக்கவாட்டில் எடுத்த படத்தில் உடலே அளவுகோல். அதன் நீளத்தோடு பாயின் உயரத்தை ஒப்பிட்டால் பெரியதா சிறியதா என்று தெரியும். கம்பம் அடியிலேயே பின்பக்கம் வளைந்திருந்தால் ஐ.எல்.சி.ஏ. 4. அவன் காட்டிய படத்தில் இரண்டுக்கும் அவசியம் இருக்கவில்லை. பாயின் மேல்பகுதியில் ஒரு சிவப்புச் சாய்சதுரம் இருந்தது. பெண்களுக்கான ஐ.எல்.சி.ஏ. 6 போட்டியில் ஓடும் பாய்க்கு அந்தச் சிவப்புச் சாய்சதுரம் கட்டாயம்.